கருவி வந்துவிட்டது, பாடம் எங்கே?

பார்வை மாற்றுத்திறனாளி மாணவருக்கான உதவித் தொழில்நுட்பம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருள்கள்தாம்: மடக்குக் கோல், பிரெயில் சிலேட், பேசும் கடிகாரம், மடிக்கணினி, திறன்பேசி. அரசுத் திட்டங்களும் இந்த எண்ணத்தின் மீதே கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றிய அரசின் உதவி உபகரணத் திட்டம் 1981 முதல் நடந்துவருகிறது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தையும், பார்வை, செவித்திறன் குறைபாடு உடையோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் திறன்பேசிகளையும் இதே வரிசையில் வைக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிப் பேருக்கு ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவை என்றும், ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது எட்டவில்லை என்றும் கணக்கிட்டது. இந்தப் பற்றாக்குறை உண்மையானது. கருவி வழங்கும் எந்தத் திட்டத்தையும் குறைத்துப் பேச இடமில்லை. ஆனால் படிக்க உதவும் கருவி மற்ற உதவிக் கருவிகளிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. கோல் கைக்கு வந்த கணமே பயன் தரத் தொடங்கிவிடும். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளான திரைபடிப்பான் அப்படியில்லை, அது படிப்பதற்கு அதற்குப் புரிகிற வடிவத்தில் எழுத்து இருக்க வேண்டும். தமிழ்வழியில் படிக்கும் பார்வையற்ற மாணவரின் முதன்மைத் தடை இன்று கருவியிலிருந்து எழுத்துக்கு இடம் மாறிவிட்டது என்பதும், அந்தத் தடையை நீக்கும் பொறுப்பு பாடநூல் உருவாகும் இடத்தில்தான் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கருவியின் வரலாற்றைப் பார்த்தால் இந்த இடமாற்றம் தெளிவாகும். அச்செழுத்தைப் பார்த்து உரக்கப் படிக்கும் இயந்திரத்தை ரே கர்ஸ்வைல் 1976இல் அறிமுகப்படுத்தியபோது அது ஒரு மேசையையே அடைத்துக்கொள்ளும் அளவில் இருந்தது. தனியொருவர் வாங்கும் விலையிலும் இல்லை. 1990களில் விண்டோஸ் கணினிகளுக்கு வந்த ஜாஸ் என்ற திரைபடிப்பான் உலகெங்கும் பார்வையற்றோரின் அலுவலக வாழ்க்கையை மாற்றியது என்றாலும், அதன் உரிமத்தின் விலை பல நேரங்களில் கணினியின் விலையையே தாண்டியது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெஹ் என்ற பார்வையற்ற இளைஞர்கள் இருவர் என்.வி.டி.ஏ. என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார்கள். அதை யாரும் காசின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். அதனுடன் வரும் ஈஸ்பீக் என்ற பேச்சொலிப்பான் தமிழையும் பேசும். 2009க்குப் பிறகு ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் திரைபடிப்பான் கைப்பேசியோடு சேர்ந்தே வருகிறது. சென்னை ஐஐடி முன்னின்று நடத்திய கூட்டு முயற்சியில் இந்திய மொழிகளுக்கு இன்னும் இயல்பான செயற்கைக் குரல்கள் உருவாயின. முப்பது ஆண்டுகளுக்கு முன் எட்டாக்கனியாக இருந்த பேசும் இயந்திரம் இன்று பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசிக்குள் அடங்கியிருக்கிறது.

அந்தக் கைப்பேசியில் ஒரு தமிழ்ப் பாடக் கோப்பைத் திறந்தால் என்ன ஆகும் என்பது கோப்பு எப்படி உருவானது என்பதைப் பொறுத்தது. திரைபடிப்பான் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. எழுத்துக்குப் பின்னால் கணினி சேமித்திருக்கும் எண்ணைத்தான் படிக்கிறது. யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் ஏற்ற எண் உண்டு. அதற்கு முன் நம் அச்சகங்களில் புழங்கிய எழுத்துருக்கள் ஒரு குறுக்குவழியைப் பின்பற்றின. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தின. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது திரைபடிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துச் சரம். பக்கம் முழுவதும் இப்படியே போகும். மாணவர் கேட்பது இரைச்சல் மட்டுமே. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு எழுத்துருக் குழப்பத்தை ஒழுங்குசெய்ய முயன்றது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதன் பின்னும் பதிப்புத் துறையின் பக்க வடிவமைப்பில் பழைய எழுத்துருக்கள் விடைபெறவில்லை. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் காலத்திலிருந்து கைக்குப் பழகியவை என்பது ஒரு காரணம். அச்சிட்ட பக்கத்தில் வேறுபாடு தெரியாததால் யாருக்கும் அவசரம் தோன்றவில்லை என்பது மற்றொன்று.

ஒருங்குறியில் தட்டச்சு செய்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் சரியில்லை. அச்சகத்துக்குப் போகும் பி.டி.எஃப். கோப்பு, பக்கத்தில் எந்த வடிவம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்ற குறிப்பு. ‘கொ’ என்பதை அது ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று வடிவங்களாக இடமிருந்து வலமாக அடுக்கும். அந்த வடிவங்களை மூல எழுத்தோடு இணைக்கும் அட்டவணை கோப்பில் சரியாக இல்லாவிட்டால், கொம்பு முன்னால் துண்டாகி நிற்க மீதி ‘கா’ என்று ஒலிக்கும். இப்படிச் சிதைந்த வரிகளைத் தமிழ்ப் பி.டி.எஃப். கோப்புகளிலிருந்து படியெடுத்துப் பார்த்த எவரும் அறிவர். இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது கட்டமைப்பு. பார்வையுள்ளவர் புத்தகத்தைப் புரட்டும்போது தடித்த எழுத்தைக் கண்டு தலைப்பு என்று அறிகிறார், கட்டத்துக்குள் இருப்பதைப் பயிற்சி என்று ஊகிக்கிறார். கோப்பில் தலைப்பு தலைப்பாகவும் அட்டவணை அட்டவணையாகவும் குறிக்கப்பட்டிருந்தால் திரைபடிப்பானும் ஒரு விசையில் அடுத்த தலைப்புக்குத் தாவும். அட்டவணையில் எந்த நெடுவரிசையின் எண் இது என்று சொல்லும். குறிக்கப்படாத 300 பக்கக் கோப்பில் தேர்வுக்கு முந்தைய இரவு ஒரு பாடத்தின் மூன்றாம் பத்தியைத் தேடும் மாணவருக்கு, முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வருவதைத் தவிர வழியில்லை.

இதனால்தான் கணினி யுகத்திலும் பார்வையற்ற மாணவரின் படிப்பு தன்னார்வலரின் ஓய்வு நேரத்தை நம்பியிருக்கிறது. யாரோ ஒருவர் புத்தகத்தைப் படித்துப் பதிவுசெய்கிறார், வேறொருவர் மீண்டும் தட்டச்சு செய்கிறார், இன்னொருவர் மெய்ப்புப் பார்க்கிறார், பிறகு அது பிரெயில் அச்சுக்குப் போகிறது. இந்த உழைப்பின் முன் தலைவணங்க வேண்டும். ஆனால் அதில் உள்ள வீண்செலவையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மறுபடி தட்டச்சு செய்யப்படும் அந்தப் பாடம் ஏற்கெனவே பாடநூல் குழுவின் கணினியில் எழுத்தாக இருந்தது. அச்சுக்கோப்பாக மாறும்போது அதன் எழுத்துத்தன்மையை நாமே அழித்தோம். அழித்ததைத் திரும்பப் பெற மாதக்கணக்கில் உழைக்கிறோம். பள்ளிதோறும் ஆண்டுதோறும் இது திரும்ப நடக்கிறது. பாடத்திட்டம் மாறும்போது முதலிலிருந்து தொடங்குகிறது. அதற்குள் வகுப்பு பல பாடங்களைக் கடந்துவிடுகிறது.

சட்டம் இதைக் கவனிக்கவில்லையா என்றால், பாதி வழி வந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம், மாற்றுத்திறனாளிகளுக்காக எந்த நூலையும் அவர்கள் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற அனுமதி தந்தது. இதே நோக்கத்தோடு 2013இல் மராகேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை முதன்முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அது 2016 செப்டம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் திறக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குறித்த அளவு குறைபாடுள்ள மாணவர்களுக்குப் பதினெட்டு வயது வரை நூல்களையும் உதவிக் கருவிகளையும் இலவசமாகத் தரச் சொல்கிறது. இவை எல்லாம் மாற்றிக்கொள்ளும் உரிமையையோ பெற்றுக்கொள்ளும் உரிமையையோ பற்றியவை. மாற்றத் தேவையில்லாத வடிவிலேயே மூலக் கோப்பைக் கொடுக்க வேண்டும் என்று நூலை உருவாக்குபவரிடம் இவை நேராகக் கேட்கவில்லை. அமெரிக்கா 2004இல் தன் சிறப்புக் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது இந்த இடத்தில்தான் கை வைத்தது. பள்ளிப் பாடநூல்களின் கட்டமைப்புக் குறிக்கப்பட்ட மூலக் கோப்பு கென்டக்கியின் லூயிவில் நகரில் உள்ள தேசியக் களஞ்சியத்தில் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளிகள் நூலை வாங்கும் ஒப்பந்தத்திலேயே பதிப்பகத்துக்கு அந்த நிபந்தனை போகிறது. அந்த ஒரே கோப்பிலிருந்து பிரெயிலும் பேச்சொலியும் பெரிய எழுத்துப் பதிப்பும் எடுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 28 முதல் விற்பனைக்கு வரும் மின்னூல்களுக்கே அணுகல்தன்மையைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இந்த வாதத்துக்கு இன்று வரும் முதல் மறுப்பு செயற்கை நுண்ணறிவின் பெயரால் வருகிறது. கைப்பேசியைப் பக்கத்தின் மேல் காட்டினால் அது படித்துச் சொல்லிவிடுகிறதே, பழைய எழுத்துருவானாலும் படமானாலும் என்ன என்கிறார்கள். எழுத்துணரி மென்பொருள்கள் தமிழில் பெரிதும் முன்னேறிவிட்டன என்பது உண்மை. கடிதத்தை, மருந்து அட்டையை, பேருந்தின் பெயர்ப்பலகையை அறிய அவை பெரும் துணை. பாடநூலின் தேவை வேறு. அங்கே ஒரு தசமப் புள்ளி தவறினால் விடை தவறும். பழைய எழுத்துணரி தவறு செய்தால் சொல் உருக்குலைந்து கேட்கும்; கேட்பவர் ஏதோ பிழை என்று எச்சரிக்கை அடைவார். இப்போதைய மொழி மாதிரிகள் தெளிவில்லாத இடத்தை இயல்பான வாக்கியத்தால் நிரப்பிவிடக் கூடியவை. பிழை அழகாக ஒலிக்கும். பார்வையுள்ள மாணவர் பக்கத்தைத் திரும்பிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார். பார்வையற்றவருக்கு எதைக் கொண்டு சரிபார்ப்பது? தேர்வு அறைக்குள் இந்தக் கருவிகளுக்கு இடமும் இல்லை. மூலத்தில் பிழையற்ற எழுத்து நம் கையில் இருக்கும்போது, அதைப் படமாக்கி, படத்திலிருந்து ஊகித்து, ஊகத்தைப் பிள்ளையின் பொறுப்பில் விடுவதை எந்த நியாயத்தால் ஏற்பது என்று எனக்கு விளங்கவில்லை.

கணக்குப் பாடத்தில் இந்தச் சிக்கல் முற்றிப்போகிறது. ‘எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் இரண்டு’ என்று ஒரு குரல் படித்தால், எக்ஸும் ஒன்றும் சேர்ந்து இரண்டால் வகுபடுகின்றனவா, ஒன்று மட்டும் வகுபடுகிறதா? அச்சில் கோட்டின் நீளம் இதைச் சொல்லிவிடும். காதுக்குச் சொல்ல, கோப்பில் கோவையின் அமைப்பு பதிவாகியிருக்க வேண்டும். டி.வி.ராமன் என்ற பார்வையற்ற கணினி அறிவியலாளர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முடித்த முனைவர் ஆய்வு இதைத்தான் செய்தது: கணிதக் கோவையின் உள்கட்டமைப்பை அறிந்து, குரலின் ஏற்ற இறக்கத்தாலும் இடைவெளியாலும் அதை ஒலிக்கும் முறையை அவர் உருவாக்கினார். 1998இல் கணிதத்தை இணையத்தில் கட்டமைப்போடு எழுதும் குறிமொழி பொதுத்தரமாகவும் ஆனது. இருந்தும் பாடக் கோப்புகளில் சமன்பாடு பெரும்பாலும் ஒரு படம். திரைபடிப்பான் அங்கே ‘படம்’ என்று சொல்லிக் கடந்துவிடும். பார்வையற்ற மாணவர் கணிதம், அறிவியல் பக்கம் போகாமல் கலைப்பிரிவுக்குத் திருப்பிவிடப்படுவதற்கு அவருடைய அறிவாற்றலைக் காரணம் காட்டுவது பெரும் அநீதி. தில்லியைச் சேர்ந்த கார்த்திக் சாஹ்னி மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்திடம் போராடி மேல்நிலையில் அறிவியல் படித்தார். ஐஐடி நுழைவுத் தேர்வின் கதவு திறக்காதபோது ஸ்டான்ஃபோர்டு சென்று கணினி அறிவியல் படித்தார். பின்னர் அவர் இணைந்து தொடங்கிய ஐ-ஸ்டெம் நிறுவனம் கையில் எடுத்த பணிகளுள் ஒன்று, ஆவணங்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றித் தருவது. எது தடையாக நின்றது என்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த அந்தப் பணியே சாட்சி.

இரண்டாவது மறுப்பு நல்லெண்ணத்தோடு வருவது. ஒலிநூல் இருக்கிறது, குரல் இருக்கிறது, கேட்டுப் படித்தால் போதாதா? கதை கேட்பதற்குப் போதும். மொழியை ஆள்வதற்குப் போதாது. தமிழில் இந்தப் போதாமை ஆங்கிலத்திலிருந்து வேறு வகையில் கூர்மையானது. நகரத்துக்கும் னகரத்துக்கும் காதில் வேறுபாடு இல்லை. றகரமும் ரகரமும் பெரும்பாலான வட்டாரங்களில் ஒன்றாகிவிட்டன. மனம், மணம், அரம், அறம், வலி, வளி, வழி ஆகியவற்றைப் பேச்சில் பிரிப்பவர்கள் குறைந்துவருகிறார்கள். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை எழுத்தில் திரும்பத் திரும்பக் கண்டுதான் மனம் பழகுகிறது. பிரெயிலில் இவை ஒவ்வொன்றும் விரலுக்குத் தனித்தனிப் புள்ளிக் கூட்டம். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக உருவான பாரதி பிரெயில், ஆறு புள்ளிகள் தரும் 63 சேர்க்கைகளுக்குள் ழகரத்துக்கும் றகரத்துக்கும் தனி இடம் ஒதுக்கியது. விரலால் படித்து வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துக்கூட்டல் சொந்த அறிவு. காதால் மட்டும் வளர்ந்த பிள்ளைக்கு அது சொல்வதை எழுதுபவரின் அறிவு. தேர்வைப் பிரெயிலிலோ கணினியிலோ எழுதும் உரிமையை ஒன்றிய அரசின் 2013ஆம் ஆண்டு நெறிமுறை தந்தது. எழுத்தோடு பழகாதவருக்கு அந்த உரிமை ஏட்டளவில் நிற்கிறது.

ரூபி ரைல்ஸ் 1996இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 74 பேரிடம் நடத்திய ஆய்வை இந்த இடத்தில் அடிக்கடி காட்டுவார்கள்: பிரெயிலில் படிக்கக் கற்றவர்களில் வேலையில்லாதோர் 44 விழுக்காடு, அச்செழுத்தில் கற்றவர்களில் 77 விழுக்காடு. சிறிய ஆய்வு, பழைய ஆய்வு, அக்கறையுள்ள பெற்றோரும் நல்ல ஆசிரியரும் வாய்த்த பிள்ளைகளே பிரெயில் கற்றிருக்கலாம் என்ற ஐயத்துக்கும் இடமுள்ளது. ஆகவே பிரெயில்தான் வேலை தந்தது என்று நான் சொல்லமாட்டேன். எழுத்தறிவுக்கும் பிற்கால வாழ்க்கைக்கும் உள்ள உறவு பார்வையற்றோரிடம் மட்டும் அற்றுப்போவதில்லை என்ற அளவில் அது நம்பத்தக்கது. இங்கே பிரெயிலா பேச்சொலியா என்ற சண்டையும் தேவையற்றது. வளர்ந்த பிறகு பார்வை இழந்தவருக்கு விரல் பழகுவது கடினம், அவருக்குக் குரல் வேண்டும். மங்கிய பார்வை உள்ளவருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் வரி உடையாமல் மடங்கி வர வேண்டும். பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைக்குப் புள்ளிகள் வேண்டும். கட்டமைப்புள்ள ஒருங்குறி உரை ஒன்று இருந்தால் இவை மூன்றும் அதிலிருந்தே பிறக்கும். லிப்லூயி போன்ற கட்டற்ற மென்பொருள் தமிழ் எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றித் தருகிறது. அந்தப் புள்ளிகளை ஊசிகள் எழுந்து தாழ்ந்து காட்டும் மின்னணுப் பிரெயில் கருவிகள் மட்டும் இன்னும் ஏழை வீட்டுக்கு எட்டாத விலையில் உள்ளன. கருவி வழங்கும் திட்டங்களின் பணம் இங்கே போனால் பொருத்தமாக இருக்கும்.

மூன்றாவது மறுப்பு எண்ணிக்கை பற்றியது. சில ஆயிரம் மாணவர்களுக்காகப் பதிப்பு முறையையே மாற்றுவதா? 2011 மக்கள்தொகைக் கணக்கு பார்வைக் குறைபாடு உள்ளவர்களாக நாட்டில் 50 லட்சம் பேரைப் பதிவுசெய்தது. இதில் பள்ளி வயதினர் ஒரு பகுதிதான். எண்ணிக்கை சிறிதென்றால் உரிமையும் சிறிதாகிவிடும் என்ற தர்க்கத்தை அரசமைப்பு ஏற்பதில்லை. அதை விட்டுவிட்டுச் செலவை மட்டும் பார்த்தாலும் மறுப்பு நிற்காது. தவறாகச் செய்துவிட்டுப் பின்னால் சரிசெய்வதற்கே செலவு மிகுதி. முதலிலேயே ஒருங்குறியில் தட்டச்சு செய்து, தலைப்புகளுக்கு உரிய பாணியைப் பயன்படுத்துவதற்கு ஆகும் கூடுதல் உழைப்பு சொற்பம். அப்படி அமைந்த பாடநூலில் எந்த மாணவரும் சொல்லைத் தேடலாம், அடுத்த பதிப்பைத் திருத்துவதும் எளிது. பதிப்பாளர்களின் திருட்டு அச்சத்துக்கும் விடை இருக்கிறது: களஞ்சியத்திலிருந்து யார் பெறலாம் என்பதை வரையறுக்கலாம், அமெரிக்க ஏற்பாட்டில் அப்படித்தான். அரசே பதிப்பாளராக இருக்கும் பள்ளிப் பாடநூலில் இந்த அச்சமே எழவில்லை.

செவித்திறன் குறைபாடுள்ள மாணவருக்கு இந்த வாதம் பாதிதான் பொருந்தும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். காணொளிப் பாடத்துக்குத் தமிழ் எழுத்துரை தந்தால் பலருக்கு உதவும். சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைக்கு எழுத்துத் தமிழே இரண்டாம் மொழி. அவர்களுக்கு இந்தியச் சைகை மொழியில் பாடம் வேண்டும். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் பாடநூல்களை அப்படி மாற்ற 2020இல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது தனியே எழுதப்பட வேண்டிய பொருள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது ஒப்பந்தப் புள்ளியில் இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகமாகட்டும், பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வி நிறுவனமாகட்டும், பக்க வடிவமைப்புக்கு ஆள் அமர்த்தும்போது அச்சுக்கோப்போடு மின்னூல் வடிவமும் ஒப்படைக்கப்பட வேண்டும், சமன்பாடுகள் கணிதக் குறிமொழியில் இருக்க வேண்டும், திரைபடிப்பானில் சோதித்த பிறகே பணம் வழங்கப்படும் என்று எழுதலாம். சோதிக்கும் பணியைப் பார்வையற்ற பட்டதாரிகளுக்கே ஊதியத்தோடு கொடுக்கலாம். வழிகாட்டுதல் என்ற பெயரில் விட்டால் இது நடக்காது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்று கூறி, கட்டாயத் தரங்களை வகுக்க ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. ஒரே ஒரு வேலையை மட்டும் வடிவமைப்பாளரிடம் விட முடியாது: படங்களுக்கான விளக்கம். காவிரிப் படுகையின் வரைபடத்தை எப்படிச் சொல்வது என்பது அதை ஏன் பாடத்தில் வைத்தோம் என்பதைப் பொறுத்தது. துணையாறுகள் எந்தப் பக்கத்திலிருந்து சேர்கின்றன என்பதற்காகவா, அணைகளின் வரிசைக்காகவா, கழிமுகத்தின் வடிவத்துக்காகவா? முதல் இரண்டையும் நான்கு வரியில் எழுதிவிடலாம். மூன்றாவதைச் சொல்லால் காட்ட முடியாது. விரலால் தடவி அறியும் புடைப்புத் தாளாகத்தான் கொடுக்க வேண்டும். எது எழுத்து, எது புடைப்பு என்று முடிவுசெய்ய வேண்டியவர் அந்தப் பாடத்தை எழுதிய புவியியல் ஆசிரியர், முடிவுசெய்ய வேண்டிய நேரம் அவர் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் அதே நாள்.